கை மரத்துப்போவதை டாக்டரிடம் சொன்னீர்களா?



நம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது எழுபத்தைந்து. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. கால் வீங்குகிறது, அமுக்கினால் குழி விழுகிறது. தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம். கேட்டால், "வயசாச்சு, மலைக் குளிரு வேற, அப்படித்தான் இருக்கும்" என்பார்.

அப்படி விட்டுவிடக் கூடாது. இது இதயச் செயலிழப்பாக இருக்கலாம். ரத்தக்குழாய் அடைப்பு, ரத்தக் கொதிப்பு, வால்வுக் கோளாறு ஆகியவையே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆனால் வயதானவர்களிடம், முக்கியமாக ஆண்களிடம், எளிதில் கண்ணில் படாத இன்னொரு காரணமும் உண்டு. அதன் பெயர் இதய அமிலாய்டோசிஸ்.

ஈரலில் உண்டாகும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் சிலருக்கு வயதான காலத்தில் உருக்குலைந்து, இழை இழையாக இதயத் தசையில் படிகிறது. கஞ்சி போட்ட சட்டை விறைப்பதுபோல் இதயச் சுவர் தடித்து விறைத்துவிடும். விறைத்த இதயம் சரியாக விரிந்து ரத்தத்தை வாங்க முடியாது.

இது அபூர்வம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2015இல் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வில், 60 வயதைத் தாண்டி, இதயச் சுவர் தடித்த இதயச் செயலிழப்பு நோயாளிகள் 120 பேரைச் சோதித்தார்கள். 16 பேருக்கு இந்த நோய் இருந்தது.

எப்படிச் சந்தேகிப்பது?

முதலாவது, கை. இரண்டு கையும் இரவில் மரத்துப்போகும், எரியும். மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதே காரணம். இதயக் கோளாறு தெரிவதற்கு ஐந்து, பத்து வருஷம் முன்பே இது வரலாம். "கத்திரி பிடிச்சு கொழுந்து வெட்டின கைதானே" என்று நாம் விட்டுவிடுகிறோம். வேலையாலும் நீரிழிவாலும் கை மரத்துப்போவது உண்மைதான். கை மரத்தவர் எல்லாரும் பயப்பட வேண்டாம். ஆனால் மூச்சு வாங்கும் பெரியவர் கையைப் பற்றியும் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பிரஷர். பல வருஷம் கொதிப்பு மாத்திரை சாப்பிட்டவருக்கு இப்போது பிரஷர் தானாக இறங்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும். "பிரஷர் நல்லாயிடுச்சு" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, பரிசோதனை. எக்கோவில் இதயச் சுவர் தடித்துத் தெரியும். அப்படியானால் ஈசிஜி அலைகள் பெரிதாக இருக்க வேண்டும். இந்த நோயில் பலருக்குச் சிறுத்தே இருக்கும். இந்த முரண்பாடு டாக்டருக்கு நல்ல தடயம்.

சந்தேகம் வந்தால் ரத்தமும் சிறுநீரும் சோதிப்பார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வேறொரு புரதமும் இதயத்தில் படியலாம். அந்த வகை வேகமாகக் கொல்லும். அதற்குச் சிகிச்சையே வேறு. அது இல்லை என்று தெரிந்தபின், பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கும் எலும்பு ஸ்கேனில் இதயம் பளிச்சென்று தெரிந்தால் நோய் உறுதி. பலருக்கு இதயத்தில் சதை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை.

கண்டுபிடித்து என்ன பயன்? டஃபாமிடிஸ் என்ற மருந்து உண்டு. 2018இல் வெளியான, 441 பேரிடம் நடந்த சோதனையில், 30 மாதத்தில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 43 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 30 பேர். விலை மிக அதிகம். படிந்ததை அது கரைக்காது; மேலும் படிவதைத்தான் குறைக்கும். ஆகவே முன்னாடியே கண்டுபிடிப்பதில்தான் பலன்.

வீட்டில் செய்ய வேண்டியது: கருவாடு, ஊறுகாய், உப்பைக் குறையுங்கள். காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கிளினிக் போங்கள்.

உங்கள் அப்பாவை, தாத்தாவை அடுத்த முறை தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது, மூச்சு, கால் வீக்கத்தோடு, கை மரத்த கதையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள்.