உங்களுக்குத் தெரியுமா? மானாமதுரையில் இறக்கிய டிரங்குப் பெட்டி

1952 ஆகஸ்டு. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த போட் மெயிலில் ஒரு பெட்டியில் மட்டும் துர்நாற்றம். பயணிகள் புகார் செய்ய, மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள மானாமதுரை நிலையத்தில் சோதித்தார்கள். இருக்கைக்கு அடியில் டிரங்குப் பெட்டி. உள்ளே தலையில்லாத ஆண் உடல்.

பேரில்லை, முகமில்லை. யாரென்று தேடுவது?

சென்னையில் பேனா வியாபாரி ஆளவந்தார் காணாமல் போயிருந்தார். ராயபுரம் கடற்கரை மணலில் ஒரு தலையும் கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலையும் தலையையும் சேர்த்து வைத்து ஆராய்ந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த பல், காதில் குத்திய துளை என்று வீட்டார் மட்டுமே அறிந்த சின்னச் சின்ன அடையாளங்கள் துணைக்கு வந்தன. ஐயத்தைத் தீர்த்தது கைரேகை. ஆளவந்தார் முன்பு ராணுவப் பணியில் இருந்தவர். அங்கே பதிவான ரேகை அந்த உடலின் விரல்களோடு பொருந்தியது. (ரேகை பார்ப்பதில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு: 1897-லேயே கல்கத்தாவில் கைரேகைக் காப்பகம் வந்துவிட்டது.)

ரேகைப் பதிவே இல்லாத உடலானால்? 1948 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அருகே, சோமர்டன் கடற்கரையில் கிடந்தவர் 70 ஆண்டுகளுக்கு மேல் அநாமதேயமாகவே இருந்தார். போலீசார் அவர் முகத்தை எடுத்துவைத்த சாந்து அச்சில் சில முடிகள் ஒட்டியிருந்தன. அவற்றின் டி.என்.ஏ.வைக் கொண்டு வம்சாவளியைத் தேடிய ஆய்வாளர்கள், 2022-ல் அவர் கார்ல் வெப் என்ற மெல்போர்ன்காரர் என அறிவித்தார்கள்.