குருவைத் திருப்பி அனுப்பிய சனி!

குருப் பெயர்ச்சி என்றால் சிவகங்கை மாவட்டம் பட்டமங்கலத்தில் பெருங்கூட்டம் கூடும். காரைக்குடியிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் மக்கள் வந்து தட்சிணாமூர்த்தியை வணங்குவார்கள்.

குரு என்பது வியாழன் கிரகம். அது சூரியனை ஒரு தடவை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். ஆகவே, ஆண்டுக்கு ஒரு ராசி மாறுவதாக நமக்குத் தெரிகிறது. ராசி மாறினாலும் வியாழன் தன் பாதையை விட்டு விலகுவதில்லை. ஆனால், ஆதி காலத்தில் அந்தப் பாதையே இடம் பெயர்ந்தது என்கிறார்கள் விஞ்ஞானிகள்!

வாயுத் தட்டு

சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியன் பிறந்த புதிதில், அதைச் சுற்றி வாயுவும் தூசியும் பெரிய தட்டுப் போலச் சுழன்றன. அதில்தான் கிரகங்கள் உருவாயின. கிரகத்துக்கு உட்பக்கம் உள்ள வாயு வேகமாகச் சுற்றும். அது கிரகத்தை முன்னே தள்ளும். வெளிப்பக்கத்து வாயு மெதுவாகச் சுற்றும்; அது பின்னே இழுக்கும். பெரும்பாலும் பின்னிழுப்பே வெல்லும். கிரகம் சூரியனை நோக்கிச் சரியும்.

வியாழனைப் போன்ற பூதக் கிரகம் வாயுவை விலக்கி, வண்டித் தடம் போல ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிடும். வாயு மெல்ல மெல்லச் சூரியனில் போய் விழும்போது தடமும் உள்ளே நகரும். தடத்தோடு கிரகமும் நகரும்.

மூன்றே நாளில் ஓர் ஆண்டு!

1995-ல் மேயர், கெலோஸ் என்ற இரு சுவிஸ் விஞ்ஞானிகள், தன் நட்சத்திரத்தை நான்கே நாளில் சுற்றும் பூதக் கிரகம் ஒன்றைக் கண்டார்கள். 2019-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2021-ல் நம் நாட்டிலும், ராஜஸ்தானத்து அபு மலையில் உள்ள தொலைநோக்கியின் உதவியால், அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தார் அத்தகைய கிரகம் ஒன்றைக் கண்டறிந்தார்கள். அதற்கு ஓர் ஆண்டு என்பது சுமார் 3 நாள்தான்!

நட்சத்திரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் பூதக் கிரகம் உருவாவது கடினம். தொலைவில் பிறந்து உள்ளே வந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

நாம் தப்பியது எப்படி?

நம் வியாழனும் அப்படி உள்ளே பாய்ந்திருந்தால், பூமி உருவாவதே சந்தேகந்தான். 2011-ல் சில விஞ்ஞானிகள் இதற்கு ஒரு விளக்கம் கூறினார்கள். வியாழன், செவ்வாய் இப்போது இருக்கும் தூரம் வரை வந்துவிட்டதாம். பின்னாலேயே சனியும் வந்தது. வியாழன் மூன்று சுற்றுச் சுற்றும்போது சனி இரண்டு சுற்றுச் சுற்றியது. இரண்டின் தடங்களும் ஒன்றாகி, பின்னிழுப்புக் குறைந்தது. உட்பக்கத்து வாயுவின் கை ஓங்கியது. கடல் கடந்து போய் ஊர் திரும்பிய செட்டிநாட்டு வணிகரைப் போல, இரு கிரகங்களும் வெளியே திரும்பின.

வியாழன் அள்ளியதும் சிதறியதும் போக, அங்கே கொஞ்சம் கல்லும் மண்ணுமே மிஞ்சின. செவ்வாயின் எடை பூமியில் பத்தில் ஒரு பங்காக இருப்பது அதனால்தான் என்கிறார்கள். இது முடிந்த முடிவு அல்ல, ஆராய்ச்சி தொடர்கிறது.

சனி என்றாலே நாம் அஞ்சுகிறோம். இந்த விளக்கம் சரியானால், பூமிக்கு வழிவிட்டதில் சனிக்கும் பெரும் பங்கு உண்டு!