பிடித்த வரி யார் கணக்கில் திரும்பும்?

சென்னை நகரம் விரிந்து வருவதால் குத்தம்பாக்கம், திருமழிசை, பூவிருந்தவல்லி சுற்றுவட்டார விவசாயிகள் பலர் நிலத்தில் ஒரு பகுதியை விற்று, அத்தொகையை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுள்ளனர். அப்பகுதி விவசாயி ஒருவர் அண்மையில் நம்மிடம் ஓர் ஐயம் எழுப்பினார். "வட்டியில் வரி பிடித்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கேட்க வேண்டும். எனக்குக் கைப்பேசி வழக்கமில்லை. மகன் கணக்கில் போடச் சொல்லலாமா?" என்றார். இயலாது என்பதே விடை. காரணத்தை விவசாயப் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம்.

வரி பிடிப்பது ஏன்?

விவசாய வருமானத்திற்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை. ஆனால் வைப்பு நிதி வட்டி விவசாய வருமானம் ஆகாது. 2025 ஏப்ரல் முதல், ஓராண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் வரி பிடிக்கும். 60 வயது நிரம்பியவர்களுக்கு இவ்வரம்பு ஒரு லட்சம் ரூபாய். எடுத்துக்காட்டாக, 10 லட்சம் ரூபாய்க்கு 7 சதவீத வட்டி 70,000 ரூபாய். அதில் பிடிப்பு 7,000 ரூபாய். பான் எண் கொடுக்காதவருக்குப் பிடிப்பு இரு மடங்காகும். வரி செலுத்தும் அளவுக்கு வேறு வருமானம் இல்லாதவர், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து இத்தொகையைத் திரும்பப் பெறலாம்.

மகன் கணக்கு ஏன் ஆகாது?

2019 மார்ச் முதல் திருப்பத் தொகை காசோலையாக வருவதில்லை. பான் எண்ணுடன் இணைந்த, வருமான வரித் துறையின் இணையதளத்தில் முன்னரே சரிபார்க்கப்பட்ட கணக்கில் மட்டுமே வரவு வைக்கப்படுகிறது. கணக்கு வரிதாரர் பெயரில் இருத்தல் வேண்டும். மகன், மருமகன், தரகர் என எவர் கணக்கு எண்ணைக் கொடுத்தாலும் சரிபார்ப்பில் தவறிவிடும். தொகை வந்து சேராது. இது இடையூறாகத் தோன்றினும் நம் பணத்திற்கு நல்ல காவலாகும்.

கவனிக்க வேண்டியவை

1. பான் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒத்திருக்க வேண்டும். ஒன்றில் தலைப்பெழுத்து, மற்றொன்றில் தகப்பனார் முழுப் பெயர் என்றிருப்பது நம் பக்கம் அடிக்கடி நேரும் தவறு.

2. பானுடன் ஆதார் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இணைக்கத் தவறி பான் செயலிழந்திருந்தால் திருப்பத் தொகை கிடைக்காது.

3. 2020 ஏப்ரலில் பல அரசு வங்கிகள் இணைக்கப்பட்டன. பழைய புத்தகத்தில் உள்ள ஐ.எப்.எஸ்.சி. குறியீடு மாறியிருக்கலாம். கிளையில் கேட்டு அறிக.

4. விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருப்பின் முதல் எண் படிவம் பொருந்தாது.

5. கணக்குத் தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் அதை உறுதி செய்தல் வேண்டும்.

தொகை வராமல் தவறியிருப்பின் கவலை வேண்டா. சரியான கணக்கைச் சேர்த்து, மறுபடி வழங்கக் கோரும் விண்ணப்பத்தை அதே இணையதளத்தில் கொடுக்கலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வரிதாரர் காலமாகிவிட்டால், வாரிசு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இருவரின் பான் விவரம் ஆகியவற்றுடன் தம்மைச் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்துகொண்டு தொகையைக் கோரலாம்.

எச்சரிக்கை

கணக்கு நம் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. பதிவுக் கைப்பேசி எண் வேறொருவருடையதாக இருந்து, ஏ.டி.எம். அட்டையும் அவரிடமே இருந்தால், வரும் பணம் நம் கைக்கு வருமென்பது நிச்சயமில்லை. விதை மூட்டையில் சான்றட்டையைப் பார்த்து வாங்கும் நாம், தாக்கல் செய்து தருபவர் நிரப்பும் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் படிக்கச் சொல்லிக் கேட்டல் அவசியம். ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லலாகாது.

வருமுன் காப்பது இதனினும் மேல். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்கள், ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்திலேயே 'வரி பிடிக்க வேண்டாம்' எனும் உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்துவிட்டால், பிடிப்பும் இல்லை, திரும்பப் பெற அலைச்சலும் இல்லை.