ஜப்பானிய வீடியோ விளையாட்டுத் துறை உணர்த்தும் பாடம்

2009 ஆம் ஆண்டு டோக்கியோவில் வருடாந்த வீடியோ விளையாட்டுக் கண்காட்சி நடைபெற்ற காலப்பகுதியில், கப்கொம் நிறுவனத்தின் முன்னணித் தயாரிப்பாளரான கெய்ஜி இனாஃபுனே, ஜப்பானிய விளையாட்டுத் துறையின் கதை முடிந்துவிட்டது என்ற கருத்தைப் பகிரங்கமாகவே வெளியிட்டார். அன்று அதனை மறுத்துரைக்கப் பலருக்கும் துணிவிருக்கவில்லை. ஆனால் 2025 ஜூன் 5 ஆம் திகதி நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்விட்ச் 2' சாதனம் நான்கே நாட்களில் உலகெங்கும் 35 இலட்சத்துக்கும் அதிகமாக விற்பனையாகியது. முடிந்துவிட்டதாகக் கூறப்பட்ட ஒரு துறை மீண்டும் தலைநிமிர்ந்தது எவ்வாறு? சிறுவர்களின் பொழுதுபோக்குத்தானே என்று ஒதுக்கிவிடக்கூடிய விடயமல்ல இது. ஒரு நாட்டின் கைத்தொழிலும் கலையும் சந்திக்கின்ற இடம் இதுவாகும்.

இத்துறையின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது பொருத்தமானதாகும். 1978 இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980 இல் 'பக்-மேன்' ஆகிய ஜப்பானிய விளையாட்டுகள் உலகெங்கும் பரவின. 1983 இல் தரமற்ற வெளியீடுகள் சந்தையில் குவிந்ததால் அமெரிக்காவில் இத்துறை நிலைகுலைந்தது. 1889 இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுத் தயாரிப்புடன் ஆரம்பித்த நிண்டெண்டோ, அதே 1983 இல் 'ஃபமிகொம்' என்ற தொலைக்காட்சி விளையாட்டுச் சாதனத்தை ஜப்பானில் வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளில் அதனை வேறு பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று, வெறுமையாகக் கிடந்த சந்தையைத் தனதாக்கிக்கொண்டது. 1994 இல் 'பிளேஸ்டேஷன்' சாதனத்துடன் களமிறங்கிய சொனி நிறுவனம், 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட அதன் இரண்டாவது சாதனத்தை 15 கோடிக்கும் அதிகமாக விற்பனை செய்தது.

எனினும் சரிவின் அறிகுறிகள் அந்த உச்சத்திலேயே தென்பட்டன. 2001 ஜனவரியில் செகா நிறுவனம் சாதன உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் இச்சந்தையில் நுழைந்தது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் உயர் தெளிவுத்திறன் கொண்ட சாதனங்கள் அறிமுகமானபோது தயாரிப்புச் செலவு பன்மடங்காகியது. கணனி விளையாட்டுகளில் அனுபவம் பெற்றிருந்த மேற்குலக நிறுவனங்கள், ஒரே மென்பொருள் கருவியைப் பல விளையாட்டுகளுக்குப் பயன்படுத்தி முன்னேறின. ஜப்பானிய நிறுவனங்கள் பலவோ பழைய முறைகளிலிருந்து விடுபடத் தாமதித்தன. உள்நாட்டுச் சந்தையின் சுவைக்கு மாத்திரம் ஏற்ப வளர்ந்து, வெளியுலகுக்குப் பொருந்தாமற் போகும் இப்போக்கை, தனித்தீவு உயிரினங்களின் நிலையுடன் ஒப்பிட்டு 'கலாபகோஸ்' நிலை என்று ஜப்பானியர்களே குறிப்பிடுவதுண்டு.

இந்நெருக்கடிக்கு இருவகையான தீர்வுகள் முயன்று பார்க்கப்பட்டன. ஒன்று, மேற்குலகைப் பின்பற்றுவது. கப்கொம் தனது பழைய படைப்பான 'பயோனிக் கொமாண்டோ'வைச் சுவீடன் நிறுவனமொன்றிடம் ஒப்படைத்தது. 2009 இல் வெளிவந்த அப்படைப்பு எதிர்பார்த்த விற்பனையை எட்டவில்லை. அதை உருவாக்கிய நிறுவனமும் அவ்வாண்டே மூடப்பட்டது. மற்றையது, கையடக்கத் தொலைபேசி விளையாட்டுகள். நாணயம் இட்டால் ஏதோவொரு பொம்மையைத் தரும் இயந்திரத்தின் பெயரால் 'காச்சா' எனப்படும் முறையில், என்ன கிடைக்கும் என்று அறியாமலேயே விளையாடுவோர் பணம் செலுத்துகின்றனர். இலாபம் பெருகியது, ஆனால் சூதாட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகக் குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. சிறுவர்கள் பெருந்தொகையை இழந்த முறைப்பாடுகளை அடுத்து, 2012 இல் ஜப்பானிய நுகர்வோர் விவகார முகவரகம் இதன் மிக மோசமான வடிவமொன்றைச் சட்டவிரோதமானது என அறிவித்தது.

மீட்சி வேறு திசையிலிருந்தே வந்தது. நிண்டெண்டோவின் பொறியியலாளர் குன்பெய் யொகோய், பழகிப்போன, விலை குறைந்த தொழில்நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்துவதையே தமது கொள்கையாகக் கொண்டிருந்தார். 1989 இல் வெளியான 'கேம் போய்', வண்ணத்திரை கொண்ட போட்டிச் சாதனங்களை நிறமற்ற திரையுடனேயே வென்றதன் இரகசியம் அதுதான். அவ்வழியிலேயே, வீட்டிலும் வெளியிலும் பயன்படுத்தத்தக்க 'ஸ்விட்ச்' சாதனம் 2017 இல் வெளியாகி 15 கோடிக்கும் மேல் விற்பனையாகியது. போட்டியாளர்களின் சாதனங்களை விட அதன் கணிப்பு வலு குறைவானது என்பது குறிப்பிடத்தக்கது. அதேபோன்று, 2009 இல் வெளியான 'டீமன்ஸ் சோல்ஸ்' என்ற கடினமான விளையாட்டை அமெரிக்காவில் வெளியிடச் சொனி முன்வரவில்லை. வேறொரு நிறுவனமே அங்கு வெளியிட்டது. அதனை உருவாக்கிய ஃப்ரொம் சொஃப்ட்வெயார் நிறுவனம், அதே பாணியைக் கைவிடாது வளர்த்து 2022 இல் வெளியிட்ட 'எல்டன் ரிங்' மூன்று கோடிப் பிரதிகளைத் தாண்டியது. கப்கொம் நிறுவனமும் பெருமளவு ஜப்பானிலேயே விற்பனையான 'மொன்ஸ்டர் ஹன்டர்' தொடரை 2018 இல் உலகெங்கும் ஒரே வேளையில் வெளியிட்டு வெற்றி கண்டது.

இங்கு மனிதர்கள் பற்றிய கேள்வியும் எழுகிறது. 'வீ யூ' சாதனத்தின் தோல்வியால் நிண்டெண்டோ தடுமாறியபோது, அதன் தலைவர் சடோரு இவாடா ஆட்குறைப்பை நிராகரித்தார். வேலை பறிபோகும் என்ற அச்சத்தில் உள்ளவர்களால் பிறரை மகிழ்விக்கும் படைப்புகளை உருவாக்க முடியாது என்பது அவரது நிலைப்பாடு. 2014 இல் அவர் தமது சம்பளத்தையே ஐந்து மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மாறாக, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மேற்குலக நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரைப் பணிநீக்கின. அமெரிக்காவைத் தலைமையகமாகக் கொண்ட சொனியின் விளையாட்டுப் பிரிவும் 2024 பெப்ரவரியில் சுமார் 900 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதே காலத்தில் நிண்டெண்டோவும் கப்கொமும் ஊழியர்களின் சம்பளத்தை உயர்த்தின. பணிநீக்கத்தைக் கடினமாக்கும் ஜப்பானியச் சட்டமும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. எனினும் அனுபவம் கைமாறாமற் காக்கப்பட்டதன் பயனைப் புறக்கணிக்க முடியாது.

அதற்காக ஆபத்து நீங்கிவிட்டது என்று கொள்வதற்கில்லை. 2021 இல் சொனி தனது 'ஜப்பான் ஸ்டூடியோ'வைக் கலைத்தது. யென்னின் வீழ்ச்சி காரணமாக, ஜப்பானிய மொழியில் மாத்திரம் இயங்கும் 'ஸ்விட்ச் 2' சாதனத்தை நிண்டெண்டோ 2025 இல் உள்நாட்டில் 49,980 யென் என்ற குறைந்த விலைக்கு வெளியிட்டது. 2020 இல் 'கென்ஷின் இம்பெக்ட்', 2024 இல் 'பிளெக் மித்: வுகொங்' ஆகியவற்றின் மூலம் சீனா இத்துறையில் வலுவாகக் காலூன்றியுள்ளது. ஒசாக்காவின் பழம்பெரும் எஸ்.என்.கே. நிறுவனம் சவூதி அரேபிய முடிக்குரிய இளவரசரின் மிஸ்க் மன்றத்தின் உடைமையாகிவிட்டது. ஜப்பானியப் பாணியைக் கற்று பிரான்ஸில் உருவாக்கப்பட்ட விளையாட்டொன்று 2025 இல் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான அமெரிக்க விருதைத் தட்டிச் சென்றது.

திரைப்படம், சித்திரக்கதை, வீடியோ விளையாட்டு போன்ற படைப்புகளின் வெளிநாட்டு வருமானத்தை 2033 ஆம் ஆண்டளவில் 20 இலட்சம் கோடி யென்னாக உயர்த்த ஜப்பானிய அரசு இலக்கு வைத்துள்ளது. இலக்குகள் மாத்திரம் படைப்புகளை உருவாக்கிவிடுவதில்லை. கதவை அடைத்துக்கொண்டிருந்தபோதும், பிறரைப் போல வேடமிட்டபோதும் இத்துறை தோற்றது. தனக்கே உரிய கைத்திறனையும் அதனை அறிந்த மனிதர்களையும் காத்து, அதன் பயனை உலகுக்கு எடுத்துச் சென்றபோதே அது வென்றது. அம்மனிதர்களின் இடத்தைக் குறுகியகால இலாபம் பிடித்துக்கொள்ளுமாயின், 2009 இல் கூறப்பட்டது காலம் தாழ்த்தியேனும் உண்மையாகிவிடக்கூடும் என்பதை ஜப்பானிய நிறுவனங்கள் உணர்ந்து செயற்படுவது அவசியமாகும்.