பள்ளிச் செய்தி வீடு சேர வேண்டும்

தூத்துக்குடித் துறைமுகத்திலும், வடக்கிலும் தெற்கிலும் நீண்டு கிடக்கும் முத்துக்குளித்துறைக் கரையிலும் வாழும் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு, தங்கள் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியில் எவ்வாறு இருக்கிறார்கள் என்ற செய்தி ஒழுங்காகக் கிடைக்கிறதா? தேச விவகாரங்கள் எத்தனையோ இருக்க, பள்ளிக்கூடத்து அறிவிப்பைப் பற்றி இவ்விடத்தில் எழுதுவானேன் என்று நேயர்களுள் சிலர் கேட்கக்கூடும். பதினொரு வயதுப் பிள்ளை பள்ளியை விட்டு நின்று உப்பளத்திற்கோ மீன் ஏலக் கூடத்திற்கோ போவது ஒரே நாளில் நடப்பதன்று. முதலில் பசி, பிறகு சோர்வு, பிறகு ஒரு நாள், இரண்டு நாள் வராமை, கடைசியில் பெயர் நீக்கம். முதற்படியிலேயே வீட்டாருக்குச் செய்தி எட்டியிருந்தால் கடைசிப் படி நேர்ந்திராது. ஆகவே இதுவும் தேச விவகாரமே என்பது நமது அபிப்பிராயம்.

சட்டத்தில் குறையில்லை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டுமென்றும், அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென்றும் விதித்தது. தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டப்பட்டு வந்தன. உத்தியோகஸ்தருக்கு அது வசதியான வேளை. கடற்கரைக்கு அது எப்படிப்பட்ட வேளை என்று யாராவது சிந்தித்ததுண்டா?

தூத்துக்குடியின் விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கடலுக்குள் சென்று இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டுமென்பது இங்குள்ள ஏற்பாடு. தகப்பனார் புறப்படுகையில் பிள்ளை உறங்குகிறது, திரும்புகையிலும் உறங்குகிறது. உப்பளத் தொழிலாளரின் நிலை வேறு விதம். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால் தாயும் தந்தையும் விடியுமுன்பே பாத்திகளில் இறங்கி விடுகிறார்கள். பிள்ளை தானே எழுந்து, தானே தலை வாரி, கிடைத்ததைத் தின்றோ தின்னாமலோ பள்ளிக்குப் புறப்படுகிறது. இவர்களை நோக்கி, “பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்று சொல்வது எளிது; நியாயமன்று.

நடுநிலைப் பள்ளி வயதுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சிறு குழந்தைக்குக் கிடைக்கும் ஆதரவு அவ்வயதில் நின்று விடுகிறது. பெரியவருக்குரிய பலமோ இன்னும் வரவில்லை. இந்த ஜில்லாவைச் சேர்ந்த எட்டயபுரத்தில் காமராஜர் பள்ளி மதிய உணவைத் தொடங்கி வைத்ததை நாம் பெருமையுடன் நினைவு கூர்கிறோம். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபொழுது முதலில் சிறு குழந்தைகளுக்கே வந்தது. 10 முதல் 15 வயதுள்ளோருக்கு அது நீண்டது 1984இல்தான். 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபொழுதும் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கே தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியில் காலை உணவு உண்ட பிள்ளை ஆறாம் வகுப்பில் கால் வைத்த அன்றே வெறும் வயிற்றோடு உட்கார நேர்ந்தால், அதை அறிய வேண்டியவர் யார்? உபாத்தியாயரும் பெற்றோரும் அன்றோ?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளிகள் திறப்பதோ வழக்கமாக ஜூன் முதல் வாரம். கையில் காசில்லாத வேளையில் நோட்டுப் புத்தகமும் செருப்பும் வாங்க வேண்டி வருகிறது. அவ்வாரத்தில் வராத பிள்ளையைச் சோம்பேறியென்று பெயர் எழுதுமுன் பள்ளி வீட்டை விசாரிக்க வேண்டும். செய்தி என்பது ஒருவழிப் பாதையன்று. முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் மூழ்கியவனுக்கும் தோணியில் நின்றவனுக்கும் இடையே ஒரு கயிறு இருந்தது. கீழிருந்து வந்த அசைவைக் கவனித்து மேலிருந்தவன் இழுத்தான். கவனிக்கத் தவறினால் உயிர் போயிற்று. சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்று விட்டது. அந்தக் கயிற்றின் பாடம் நிற்கவில்லை.

மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்குவதோடு பள்ளியின் கடமை தீர்ந்ததாகாது. பிள்ளை எத்தனை நாள் வந்தது, கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, முன்போல் பேசிச் சிரிக்கிறதா என்பவை மதிப்பெண்ணுக்கு முந்திய செய்திகள். வாரம் ஒரு முறை பள்ளியில் கொடுக்கப்படும் இரும்புச் சத்து மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் உட்கொண்டால் குமட்டல் வரலாம், மலம் கறுக்கலாம். இதை முன்கூட்டிச் சொன்னால் தாய் அஞ்ச மாட்டாள். சொல்லாவிட்டால் வதந்தி சொல்லும். பருவமடையும் வயதிலுள்ள பெண்ணைப் பற்றித் தாயிடம் ஆசிரியை நேரில் பேச வேண்டிய விஷயங்களும் உண்டு. அவற்றைச் செல்பேசிக் குறுஞ்செய்தியில் எழுத முடியாது. மேலும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபொழுது, மின்சாரமும் செல்பேசியும் செயலிழந்து ஊர்கள் தவித்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை.

ஆதலால் நமது யோசனை இது. மீனவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாதிருப்பது நெடுங்கால வழக்கம். இரண்டு மாதத்திற்கு ஒரு ஞாயிறு பிற்பகலில் பெற்றோர் கூட்டம் கடற்கரையிலேயே நடக்கட்டும். உப்பளக் குடியிருப்புகளில் மாலை 5 மணிக்கு நடக்கட்டும். உபாத்தியாயருக்கும் ஓய்வு வேண்டாமா என்று கேட்பது நியாயமே. அந்நாளுக்கு ஈடாக வேறொரு நாள் விடுமுறை அளிப்பது சர்க்காரின் கடமை. ஓய்வின் அருமை தூத்துக்குடிக்குப் புதிதன்று. 1908இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் துணையோடு கோரல் மில் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வார விடுமுறையும் ஒரு கோரிக்கையாயிருந்தது. உழைப்பாளி போராடிப் பெற்ற ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் அவனுடைய பிள்ளைக்காகச் செலவாவதைவிடச் சிறந்த பயன் என்ன இருக்கிறது?

பொதுத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையும் ஊர்வலமும் இருக்கட்டும். உங்கள் தெருவிலுள்ள நடுநிலைப் பள்ளிக்கு ஒரு நாள் சென்று, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், எட்டாம் வகுப்பில் இருப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். குறைந்தவர்களின் வீடுகளுக்குச் செல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பள்ளியின் அறிவிப்பை வாசித்துக் காட்டுங்கள். அவள் சொல்வதைப் பள்ளிக்குக் கொண்டு போங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை, உத்தரவும் வேண்டியதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.