சின்னக் காரின் பெரிய எதிரி!

சித்திரை மாதம். உச்சி வெயில்.

குடும்பத்தோடு குலதெய்வம் கோவிலுக்குக் காரில் போய்க்கொண்டு இருக்கிறீர்கள். பின்னால் பாட்டியும் இரண்டு குழந்தைகளும். டிக்கியில் பொங்கல் பானையும் அரிசியும் வெல்லமும்.

திடீரென்று காரின் முன்பக்கத்தில் இருந்து "புஸ்" என்று ஆவி கிளம்புகிறது. கார் நின்று விடுகிறது.

"தண்ணீர் தீர்ந்து போயிருக்கும். ஊற்றினால் சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டே ரேடியேட்டர் மூடியில் கை வைக்கிறீர்கள்.

நில்லுங்கள்! கையை எடுங்கள்!

அந்த மூடிக்குக் கீழே இருப்பது சாதாரண வெந்நீர் அல்ல. திறந்த உடனே முகத்தில் பாயக் காத்திருக்கும் கொதிநீர்!

ஏன் அப்படி? ஒரு சின்ன என்ஜினுக்குள் இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காரை வைத்தே அதைப் பார்ப்போம்.

30 ஆண்டு ஓட்டம்

அந்தக் கார், மாருதி 800.

1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி, அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை வழங்கினார். 2014-ம் ஆண்டு ஜனவரி மாதம் அதன் உற்பத்தி நின்றது. இந்த 30 ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் வெளிவந்தன.

பணக்காரர் வீட்டு வாசலில் மட்டுமே கார் நின்ற காலம் போய், ஆசிரியர் வீட்டிலும் வங்கி ஊழியர் வீட்டிலும் கார் நின்றது. கார் ஓட்டப் பழகியவர்களில் பலர் இதில்தான் பழகினார்கள்.

கடைசியாக வந்த காருக்கே இப்போது 10 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் இன்னும் பல வீடுகளில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மூன்று தம்ளர்!

"800" என்பது என்ன?

அது என்ஜினின் கொள்ளளவு. சரியாகச் சொன்னால் 796 கன சென்டி மீட்டர். அதாவது, முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம்.

இந்த முக்கால் லிட்டரும் ஒரே இடத்தில் இல்லை. மூன்று சிலிண்டர்களில் பிரிந்து இருக்கிறது. ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஒரு பெரிய தம்ளர் அளவுதான். சிலிண்டரின் குறுக்களவு 68.5 மில்லி மீட்டர். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும் தூரம் 72 மில்லி மீட்டர்.

இந்த மூன்று "தம்ளர்"களும் சேர்ந்து கொடுக்கும் சக்தி, சுமார் 37 குதிரைச் சக்தி! காரின் எடையோ சுமார் 650 கிலோ. எடை குறைவு என்பதால்தான் இந்தச் சின்ன என்ஜினால் அதை இழுக்க முடிகிறது.

வினாடிக்கு 75 வெடி

பெட்ரோல் என்ஜினின் வேலை நாலே படிகள்தான்.

முதலில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. இரண்டாவதாக அதை நசுக்குகிறது. மூன்றாவதாக "ஸ்பார்க் பிளக்" ஒரு மின்பொறியைத் தருகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நாலாவதாகப் புகையை வெளியே அனுப்புகிறது.

என்ஜின் நிமிடத்துக்கு 3 ஆயிரம் முறை சுழன்றால், மூன்று சிலிண்டர்களிலும் சேர்த்து வினாடிக்கு 75 முறை இப்படித் தீ எரிகிறது. நீங்கள் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பதற்குள் பல முறை!

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால், ஏறக்குறைய 25 ரூபாய்ப் பெட்ரோல்தான் காரை ஓட்டுகிறது. மீதியில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போகிறது. அதில் பாதி புகையோடு வெளியேறும். இன்னொரு பாதியை அப்புறப்படுத்த வேண்டியது தண்ணீரின் வேலை.

தண்ணீரின் பயணம்

என்ஜினைச் சுற்றி உள்ள வழிகளில் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஒரு பம்பு அதை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே காற்று பட்டு ஆறி, மறுபடியும் என்ஜினுக்கு வருகிறது. கார் நின்றாலும் மெதுவாக நகர்ந்தாலும் காற்று போதாது. அப்போது ஒரு மின்விசிறி தானாகச் சுழன்று காற்றை இழுக்கிறது.

சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஆனால் ரேடியேட்டர் மூடி, குக்கர் மூடி போல அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியே அழுத்தம் குறைந்து, தண்ணீர் குபீர் என்று கொதித்துப் பாயும். ஆவி அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? இதுவும் அப்படித்தான்!

சூடு செய்யும் நாசம்

என்ஜினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடானால் அது வளைந்து விடும். தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் "ஹெட் காஸ்கெட்" என்ற மெல்லிய தகடு இருக்கிறது. அது கருகிப் போகும். பிறகு தண்ணீரும் ஆயிலும் கலக்கும்.

ஒரு ரப்பர் குழாயை மாற்ற ஆகும் செலவு சில நூறு ரூபாய். அதை மாற்றாமல் விட்டு என்ஜினைப் பிரித்தால், செலவு பல ஆயிரம். பழைய கார்களில் "இனி செலவு செய்ய முடியாது" என்று பழைய இரும்புக்குப் போட்டவர்களும் உண்டு. 

காரணம் என்ன?

பெரும்பாலும் காரணம் சின்னதாகவே இருக்கும்.

ரப்பர் குழாய் வெடித்து இருக்கலாம். மின்விசிறி சுழலாமல் இருக்கலாம். பம்பில் கசிவு இருக்கலாம்.

இன்னொன்று, ஆழ்குழாய்த் தண்ணீர். உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா? ரேடியேட்டருக்குள்ளும் அப்படியே படிந்து வழியை அடைத்துவிடும். அதற்காக உள்ள "கூலண்ட்" திரவத்தையே ஊற்ற வேண்டும்.

சிலர், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடு ஏறாது" என்பார்கள். நம்பாதீர்கள். அது தண்ணீர் வழியைத் திறந்து மூடும் கதவு. அதைக் கழற்றினால் என்ஜின் தேவையான சூட்டுக்கு வராது. பெட்ரோல் அதிகம் செலவாகும். என்ஜினும் தேயும்.

புகை சொல்லும் செய்தி

டாக்டர் நாக்கைப் பார்ப்பது போல, மெக்கானிக் புகையைப் பார்ப்பார். நீங்களும் பார்க்கலாம்.

கறுப்புப் புகை: பெட்ரோல் அளவுக்கு மேல் எரிகிறது.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையமோ, வால்வு சீலோ தேய்ந்து இருக்கலாம்.

என்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை: தண்ணீர் உள்ளே புகுந்து விட்டது. உடனே கவனிக்க வேண்டும்.

கார் நின்ற இடத்திலேயே குலுங்கினால், மூன்று சிலிண்டர்களில் ஒன்று வேலை செய்யாமல் இருக்கலாம். முக்காலியில் ஒரு கால் ஆடினால் எப்படியோ அப்படி! முதலில் பிளக்கையும் அதன் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"டைமிங் பெல்ட்" என்ற பல் வைத்த ரப்பர் பட்டையும் முக்கியம். வால்வுகளை இயக்குவது அதுதான். அறுந்தால் கார் அங்கேயே நின்றுவிடும். கையேட்டில் சொன்ன கிலோ மீட்டர் வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் வரும் ரப்பர் குழாய்கள் வெடித்தோ, கசிந்தோ இருக்கின்றனவா என்று அடிக்கடி பார்ப்பது நல்லது. பெட்ரோல் வாடை வந்தால் காரை ஓட்டவே கூடாது.

வழியில் சூடானால்...

சூடு காட்டும் முள், சிவப்புக் கோட்டை நெருங்கினால் உடனே ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்து விடுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். என்ஜினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும்.

காரை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். குழந்தைகளைச் சாலையை விட்டுத் தள்ளி, நிழலில் உட்கார வையுங்கள்.

அரை மணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டரின் மேல்குழாய் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகு, கனமான துணியைப் போட்டு மூடியை மெதுவாகத் திருப்புங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடும்.

கசிவு தெரிந்தாலோ, முள் மறுபடி ஏறினாலோ காரை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை அழையுங்கள்.

ஒரு நிமிடம் போதும்

இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான். காலையில், என்ஜின் குளிர்ந்து இருக்கும்போது தண்ணீரையும் ஆயிலையும் பார்ப்பது. அதற்கு ஒரு நிமிடம் போதும். ஆயில், பால் கலந்த காப்பி போல இருந்தால் காரை எடுக்காதீர்கள்.

வண்டி ஓட்டுகிறவர் சாலையைப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவர் அவ்வப்போது அந்த முள்ளைப் பார்க்கலாம். மனைவி பார்க்கலாம். மகள் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியது இல்லை. முள் நடுவில் இருந்தால் நலம்; மேலே ஏறினால் ஆபத்து. அவ்வளவுதான்!

அடுத்த முறை கோவிலுக்குக் கிளம்பும்போது பானை, அரிசி, வெல்லம் எல்லாம் எடுத்தாயிற்றா என்று பாட்டி கேட்பார்.

"காருக்குத் தண்ணீர் பார்த்தாயிற்றா?" என்று நீங்கள் கேளுங்கள்.

பொங்கல் பானையில் மட்டும் பொங்கட்டும்!