உங்களுக்குத் தெரியுமா? முதன்முதலாகத் தனியே பறக்க…

● அமெரிக்க விதிகளில், மாணவர் தனியாக விமானம் ஓட்ட இத்தனை மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற கணக்கே கிடையாது. வயது 16 ஆகியிருக்க வேண்டும்; கிளைடர், பலூனுக்கு 14 போதும்.

● முடிவு பயிற்சியாளர் கையில். எழுத்துத் தேர்வு வைத்து, தவறிய விடைகளை மாணவருடன் அலசி, பதிவேட்டில் கையெழுத்திடுவார். அந்த அனுமதி 90 நாட்களுக்குத்தான் செல்லும்.

● அழகாகத் தரையிறக்கினால் மட்டும் போதாது. இறங்குவது சரிப்படாது என்று தெரிந்ததும், யாரும் சொல்லாமலே எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மறுபடி மேலேறத் தெரிய வேண்டும்.

● பயிற்சியாளர் இறங்கிக்கொண்டதும் எடை குறைவதால், சிறிய விமானம் சீக்கிரமே தரையை விட்டு எழும்பும். இதை முன்கூட்டியே மாணவரிடம் சொல்லி அனுப்புவது நல்ல பயிற்சியாளரின் கடமை.